ரெண்டு வெற்றிலைக்கு ஒரு பாக்கு

போன வாரம் டியூஷனில் ஒரு பெண் 323 கிராம் என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். வர வேண்டிய விடை 1140 கிராம். கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அவள் போன வழியும் அவள் அளவில் சுத்தமாகவே இருந்தது. ஒரத்தநாட்டில் பன்னிரண்டு வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த 323 வருடம் தவறாமல் என் கண்ணில் படுகிறது. இந்தத் தடவை அதை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போக மனசு வரவில்லை.

கணக்கு இதுதான். நம்ம பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் முதல் பாடத்தில் இருக்கிறது. 646 கிராம் அம்மோனியாவும் 1144 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து யூரியா செய்ய வேண்டும். எது முதலில் தீரும், எவ்வளவு யூரியா கிடைக்கும், எது எவ்வளவு மிஞ்சும்? சமன்பாட்டை வாயால் சொன்னால்: இரண்டு அம்மோனியாவும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் ஒரு யூரியாவும் ஒரு தண்ணீரும்.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னுதானே டீச்சர் போட்டிருக்கு? அம்மோனியா 646. அதுல பாதி 323" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விகிதம் என்ற ஒன்றை அவள் எங்கே கற்றாள் என்று யோசித்துப் பாருங்கள். எங்க ஊர் புது ஆற்றுப் பாசனம். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயைத்தான் இன்னமும் புது ஆறு என்கிறோம். இந்த ஊர்ப் பிள்ளைகள் விகிதத்தைக் கேட்டு வளர்வது களத்திலும் உரக்கடையிலும்தான். மேலுரம் போடுவதற்கு முதல் நாள் ராத்திரி யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் அஞ்சுக்கு நாலுக்கு ஒண்ணு என்று கலந்து வைப்பார்கள். அது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, முழுக்க எடைக்கணக்கு. 45 கிலோ யூரியாவுக்கு 36 கிலோ ஜிப்சம், 9 கிலோ புண்ணாக்கு. காம்ப்ளக்ஸ் மூட்டையில் பதினேழு பதினேழு பதினேழு என்று அச்சடித்திருப்பதும் நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ என்ற எடைக்கணக்குதான். அடுப்படிக்குப் போனால் இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒண்ணு. அது ஆழாக்குக் கணக்கு. இப்படி எடையிலும் படியிலுமே விகிதத்தைப் பார்த்து வளர்ந்த பெண், சமன்பாட்டில் 2 என்று ஒரு எண்ணைக் கண்டால் இரண்டு கிலோ என்றுதானே எடுத்துக்கொள்வாள்?

இது எடை இல்லை, எண்ணிக்கை என்று நானும் வருடாவருடம் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் 323 எழுதுகிறார்கள். வெறும் வாய்ச்சொல் போதவில்லை.

அன்றைக்கு முதலில் ஒன்று செய்தேன். அவள் சொன்னபடியே நடக்கட்டும், இரண்டு கிலோ அம்மோனியா, ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு போடு என்றேன். ஒரு கிலோ யூரியா, ஒரு கிலோ தண்ணீர் வருகிறது. "உள்ளே போனது எத்தனை கிலோ?" "மூணு." "வெளியே வந்தது?" "ரெண்டு." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கிலோ காணாமப் போயிருச்சே டீச்சர்."

வயலில் மூன்று மூட்டை கொட்டிய கலவையில் ஒரு மூட்டை மாயமாக மறைந்தால் அவள் அப்பா சும்மா விடுவாரா? அந்தக் கேள்வியை அவளே கேட்டுக்கொண்ட பிறகுதான் வெற்றிலையை எடுத்தேன்.

வீட்டில் ஒரு விசேஷத்துக்கு வாங்கிய வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் மிச்சம் இருந்தன. வெற்றிலையை நாம் கிலோவில் வாங்குவதில்லை, கவுளியில் வாங்குகிறோம். எங்க பக்கம் கவுளி என்றால் நூறு இலை. தாம்பூலம் வைக்கும்போது இரண்டு வெற்றிலைக்கு ஒரு பாக்கு. ஆக ஒரு கவுளி வெற்றிலைக்கு ஐம்பது பாக்கு வேண்டும். பிள்ளைகளையே எண்ணச் சொல்லி, சமையலறைத் தராசில் தனித்தனியாக வைத்தோம். நூறு வெற்றிலை 310 கிராம். ஐம்பது பாக்கு 420 கிராம்.

இரண்டு பங்கு வெற்றிலை, ஒரு பங்கு பாக்கைவிட எடை குறைவு! அறையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒரு பையன், "இல தக்கையா இருக்குல்ல டீச்சர், பாக்கு கனம்" என்றான். அதேதான். அம்மோனியா தக்கை, ஒரு மோல் 17 கிராம்தான். கார்பன் டை ஆக்சைடு கனம், ஒரு மோல் 44 கிராம். இரண்டு மோல் அம்மோனியாவைச் சேர்த்தாலும் 34 கிராம். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை எட்டவில்லை.

மோல் என்பது வேதியியல்காரர்களின் கவுளி. கவுளியில் நூறு இலை, மோலில் 6.02214076 × 10²³ துகள். 2019 மே 20 முதல் இந்த எண்ணையே மோலின் வரையறையாக உலகம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பெரிய எண்ணை ஒவ்வொன்றாக எண்ண யாராலும் முடியாது. அதனால் எடை போட்டு எண்ணுகிறோம். வெற்றிலைக் கவுளி 310 கிராம் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், 930 கிராம் வெற்றிலையைப் பார்த்ததும் மூன்று கவுளி என்று சொல்லிவிடலாம், ஓர் இலையைக்கூட எண்ணாமல். தராசுக்குப் போவது எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கத்தான். எண்ணிக்கைக்கு வந்த பிறகு சமன்பாட்டின் விகிதத்தைப் போட வேண்டும். மறுபடியும் எடை வேண்டுமென்றால் இறங்கி வரலாம்.

இப்போது அந்தக் கணக்கை அவளே போட்டாள். 646-ஐ 17-ஆல் வகுத்தால் 38 மோல் அம்மோனியா. 1144-ஐ 44-ஆல் வகுத்தால் 26 மோல் கார்பன் டை ஆக்சைடு. 38 வெற்றிலைக்கு 19 பாக்குப் போதும். கையில் இருப்பது 26. வெற்றிலைதான் முதலில் தீரும்; புத்தக வார்த்தையில் அம்மோனியாதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. 19 தாம்பூலம், அதாவது 19 மோல் யூரியா. 19-ஐ 60-ஆல் பெருக்கினால் 1140 கிராம். மிஞ்சிய பாக்கு ஏழு, 308 கிராம் கார்பன் டை ஆக்சைடு.

இதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவளுடைய தப்பான வழியிலும் அம்மோனியாதான் முதலில் தீர்ந்தது. ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. சரியான விடைக்குள் இப்படித் தப்பு ஒளிந்துகொள்வதால்தான் பிள்ளைகளைச் சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் கிலோவில் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். 34-ம் 44-ம் 78. அந்தப் பக்கம் 60-ம் 18-ம் 78. கூட்டினால் சரியாக வரும்போதுதான் மனசு நம்புகிறது.

"மிஞ்சின அந்த ஏழு என்னாகும் டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தொழிற்சாலையில் உண்மையில் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். கார்பன் டை ஆக்சைடை மிஞ்ச விடுவதில்லை, அம்மோனியாவைத்தான் கூடுதலாக விடுகிறார்கள். ஒன்றுக்கு இரண்டு போதும் என்ற இடத்தில் ஏறக்குறைய மூன்று. இந்த வினை முழுதாக ஓடி முடியாது, பாதி வழியில் நின்று இரண்டு பக்கமும் ஊசலாடும். அம்மோனியாவைக் கூட்டினால் யூரியா பக்கம் சாயும். மிஞ்சும் அம்மோனியாவைப் பிடித்துத் திரும்ப உள்ளேயே அனுப்பிவிடுவதால் வீண் இல்லை. சமன்பாட்டின் விகிதம் எத்தனை வேண்டும் என்று சொல்லும். எத்தனையைக் கொண்டுபோய் வைப்பது என்பது வேலை செய்பவரின் முடிவு. பந்திக்கு நூறு பேர் என்றால் நூற்றிருபது இலை அறுக்கிறோமே, அது மாதிரி.

அடுத்த நாள் ஒரு பையன் காலி யூரியா மூட்டை ஒன்றை மடித்துக் கொண்டுவந்தான். முன்னாளில் 50 கிலோவாக இருந்த மூட்டை 2018 முதல் 45 கிலோ. விவசாயிகள் அதற்காக முணுமுணுத்தாலும், வேதியியல் டீச்சருக்கு 45 ஒரு வரம். யூரியாவின் மோல் நிறை 60. 45,000 கிராமை 60-ஆல் வகுத்தால் ஒரு மூட்டையில் சரியாக 750 மோல். மூட்டையைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினோம்.

750 மோல் யூரியாவுக்கு 1500 மோல் அம்மோனியா வேண்டும்: 25.5 கிலோ. 750 மோல் கார்பன் டை ஆக்சைடு: 33 கிலோ. இரண்டும் சேர்ந்து 58.5 கிலோ. 45 கிலோ யூரியா வந்தால் மீதி 13.5 கிலோ எங்கே? 750 மோல் தண்ணீராக வெளியேறுகிறது. இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். அந்த அம்மோனியா ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு அம்மோனியா என்ற சமன்பாட்டில் வந்தது. 1500 மோல் அம்மோனியாவுக்கு 750 மோல் நைட்ரஜன், 2250 மோல் ஹைட்ரஜன். எண்ணிக்கையில் மூன்று மடங்கு இருக்கிற ஹைட்ரஜன் எடையில் வெறும் 4.5 கிலோ. ஒன்றே ஒன்றாக வந்த நைட்ரஜன் 21 கிலோ, அத்தனையும் காற்றிலிருந்து எடுத்தது. பிள்ளைகள் வாயடைத்துப் போனது இந்த இடத்தில்தான். ஹேபர் 1909-ல் சோதனைச்சாலையில் செய்து காட்டியதை 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் ஆலையாக்கினார்கள். அதே வழியில்தான் இன்றைக்குத் தூத்துக்குடி ஸ்பிக்கிலும் மணலி உரத் தொழிற்சாலையிலும் காற்று மூட்டைக்குள் வருகிறது.

அப்புறம் வயல். மூட்டை பிரித்து வீசிய யூரியாவைப் பயிர் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்கிறது. ஒரு யூரியாவும் ஒரு தண்ணீரும் சேர்ந்து இரண்டு அம்மோனியாவும் ஒரு கார்பன் டை ஆக்சைடும். நன்றாகப் பாருங்கள், ஆலையில் நடந்தது தலைகீழாக நடக்கிறது! அங்கே வெளியே தள்ளிய 13.5 கிலோ தண்ணீரை இங்கே வயல் திருப்பித் தருகிறது. 25.5 கிலோ அம்மோனியாவும் 33 கிலோ கார்பன் டை ஆக்சைடும் திரும்ப வருகின்றன. தூத்துக்குடியில் அழுத்தமும் சூடும் கொடுத்து மல்லுக்கட்டிச் சேர்த்ததை, ஒரத்தநாட்டுச் சேறு சத்தமில்லாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்துவிடுகிறது. இந்த யூரியேஸ்தான் உலகத்தில் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதி. 1926-ல் ஜேம்ஸ் சம்னர் அதை எடுத்தது நம்ம வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் விதையிலிருந்து. அதற்காக 1946-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதே சமன்பாடு மாட்டுக் கொட்டகையிலும் நடக்கிறது. யூரியா வைக்கோல் என்ற சொல் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பார்கள். யூரியா உடைந்து வரும் அம்மோனியா வைக்கோலின் முறுக்கத்தைத் தளர்த்தி, மாடு செரிக்கும்படி ஆக்குகிறது.

இதைக் கணக்காகக் கொடுத்தபோது பாதிப் பேர் தண்ணீரையும் யூரியாவையும் பார்த்து, அறுபது லிட்டரும் வினைக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். மோலுக்கு மாற்றச் சொன்னேன். நாலு கிலோ யூரியா 66.7 மோல். ஒன்றுக்கு ஒன்று என்பதால் தண்ணீரும் 66.7 மோல் போதும். அது 1.2 கிலோ! ஒன்றேகால் லிட்டர்கூட இல்லை. மிச்சம் ஐம்பத்தெட்டு லிட்டருக்கு மேல் வைக்கோலை நனைக்கவும் நுண்ணுயிர்கள் வேலை செய்யவும். ஆகவே இங்கே யூரியாதான் கட்டுப்பாட்டுக் காரணி. அதிகபட்சம் 133 மோல் அம்மோனியா, 2.27 கிலோ. தண்ணீரை எண்பது லிட்டராகக் கூட்டினாலும் அம்மோனியா ஒரு கிராம் கூடாது. தார்ப்பாயைப் பிரிக்கும்போது மூக்கை அறுக்கும் அந்த நெடி, அந்த 2.27 கிலோவில் தப்பிப் போகிற பங்கு. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: நாள் கணக்கைக் குறைப்பதும், யூரியாவைக் கூட்டுவதும், காற்றாட விடாமல் உடனே போடுவதும் மாட்டின் உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வெற்றிலையும் பாக்கும் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பை விட முடியுமா? எங்க அப்பாயி சுட்ட கிளிஞ்சல் வாங்கி வீட்டிலேயே நீத்துவார். மண்பானையில் கிளிஞ்சலைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உஸ்ஸென்று ஆவி கிளம்பும், கிளிஞ்சல் தானாக வெடித்து வெள்ளை மாவாக உதிரும். "கண்ணுல பட்டா போச்சு, தள்ளி நில்லு ஆத்தா" என்று என்னை வாசல்படிக்கு விரட்டுவார். காளவாயில் 100 கிலோ கிளிஞ்சலைச் சுட்டால், அது சுத்தமான கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொண்டால், 56 கிலோதான் திரும்ப வரும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகையோடு போய்விடும். அந்த 56 கிலோவை நீத்தினால் 18 கிலோ தண்ணீர் குடித்து 74 கிலோ சுண்ணாம்பாகும். டப்பாவில் திறந்து கிடந்த சுண்ணாம்பு விளிம்பில் காய்ந்து கட்டியாகிறதே, அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப எடுத்துக்கொண்டு பழையபடி கிளிஞ்சலின் பொருளாகவே மாறுவதுதான். நூற்றுக்கு நூறு, ஒன்றுக்கு ஒன்று. அப்பாயி மோல் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் சுட்ட கிளிஞ்சல் கூடையின் கனம் பாதியாக இருப்பதை வைத்துத்தான் நன்றாகச் சுட்டதா, அரைவேக்காடா என்று பார்த்து வாங்குவார். கனமாக இருந்தால் வேண்டாம் என்பார். வேகாத கார்பனேட் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

மூட்டையில் அச்சடித்த எண் என்றதும் டி.ஏ.பி. உர மூட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டு, நாற்பத்தாறு என்று போட்டிருக்கிறது. அந்த நாற்பத்தாறு மணிச்சத்துதான், ஆனால் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற கணக்கில். மூட்டைக்குள் அப்படி ஒரு பொருளே கிடையாது. பழைய காலத்து ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் ஆக்சைடாக எழுதிய வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அந்த ஆக்சைடின் ஒரு மோல் 142 கிராமில் பாஸ்பரஸ் 62 கிராம்தான். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ என்று நினைக்கும் இடத்தில் உண்மையான பாஸ்பரஸ் பத்து கிலோ. பரிந்துரைகளும் அதே ஆக்சைடு கணக்கில் இருப்பதால் விவசாயிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பரிந்துரையும் மூட்டையும் ஒரே மொழி பேசுகின்றன என்று தெரிந்தால் போதும்.

காலி மூட்டை கொண்டுவந்த பையன் கடைசியில் கிளம்பும்போது வாசலில் நின்றான். நெல்லுக்குத் தழைச்சத்து ஏக்கருக்கு அறுபது கிலோ வரை பரிந்துரை, டி.ஏ.பி. போக மேலுரமாக அவன் வீட்டில் தவணைக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடுவார்களாம். "நாளைக்கு அப்பா ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை வீசுறாங்க டீச்சர். அதுல அம்மோனியா 51 கிலோ. அவ்வளவும் நெல்லுக்குப் போயிருமா?"

போகாது. வயலில் தண்ணீர் நிற்கும்போது வீசினால், பகல் வெயிலில் தண்ணீரில் இருக்கும் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அம்மோனியா காற்றோடு பறந்துவிடும். மேல்மண்ணில் கொஞ்சம் நைட்ரேட்டாகி, கீழே இறங்கிக் காற்றில்லாத சேற்றில் மறுபடியும் நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும், எந்தக் காற்றிலிருந்து வந்ததோ அதே காற்றுக்கு. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் போட்டதில் பாதிகூடப் பயிருக்குச் சேராமல் போவது சாதாரணம். இதெல்லாம் அந்தச் சமன்பாட்டில் இல்லை என்றேன். அது சொல்வது, இத்தனை யூரியாவிலிருந்து இதற்கு மேல் அம்மோனியா வர வழியில்லை என்பதை மட்டும்.

"அப்ப 51 கிலோங்கறது கூரை மாதிரி டீச்சர். அதுக்கு மேல போகாது. கீழ எவ்வளவு வேணாலும் எறங்கலாம்."

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிவிட்டுச் சைக்கிளை எடுத்தவன், அப்பாவிடம் தண்ணியை வடிக்கச் சொல்லணும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனான்.